அம்மை வீட்டுக் கடிதம்

12-3-1984, திங்கள்
தோட்டத்தில் திராட்சை வெட்டு. பெங்களூரிலிருந்து பேத்தி சுருளியம்மாள் வந்து இறங்கினாள், முகமெல்லாம் முத்து. அம்மைதான். வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. சிப் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர் அவள். இந்தக் காமயகவுண்டன்பட்டியில் வேறு யார் வீட்டுப் பெண் அப்படி?

15-3, வியாழன்
காய்ச்சலோடு அழுகிறாள். அவள் போட்ட சிப் ஓடவில்லையாம். உள்ளே மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் கெப்பாசிட்டர் பாதி அளவுதான் பிடிக்கிறதாம். அந்தச் சிப்புக்குப் படம் வரைந்த ஜெபமணி சின்னதாக வரைந்துவிட்டார் என்று அவர் மேல் விசாரணை.

"அவுக சரியாத்தான் வரைஞ்சாக அப்பத்தா. தப்பு என்னோடது."

அந்தக் கெப்பாசிட்டரை இரண்டு விதமாக வைக்கலாமாம். "மின்சாரத்தக் கூலியாளா நெனச்சுக்க. உள்ளூர்க் கூலியாளு கூப்பிட்டதும் வந்து நிப்பாக. அது அக்குமுலேஷன். கேரளா எஸ்டேட்டுக்குப் போனவுகளக் கூப்பிட்டா? ஜீப்பு ஏறி வாரதுக்குள்ள வெட்டே முடிஞ்சுரும்ல. அது இன்வர்ஷன். மெதுவாக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான். எங்க சிப்பு வேகமாக் கேக்குது. வயர் இழுக்கச் சுலபம்னு நான் இன்வர்ஷன்ல வச்சுட்டேன்."

என் ஐந்தாம் வகுப்புக்கு எவ்வளவு ஏறும்? தப்பு இவளுடையது — அது மட்டும் நன்றாக ஏறியது.

16-3, வெள்ளி
மேலதிகாரிக்கு உண்மையை எழுதி என்னிடம் கொடுத்தாள். "இன்னைக்கே போட்டுரு. இருபத்தாறாந் தேதி விசாரணை. அவுகளுக்கு மூணு பிள்ளைக."

17-3
போடவில்லை. அம்மை வீட்டுக் காகிதம் வெளியே போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

20-3
"போட்டியா அப்பத்தா?"

"போட்டேன்டி. கண்ண மூடு."

நான் என்ன செய்ய? இவ வேலை போயிருச்சுன்னா? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே. அந்த ஜெபமணிய நான் கண்டதுகூட இல்ல — மூணு பிள்ளைக. ஆத்தா, நான் என்னதான் செய்ய?

23-3, வெள்ளி
தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. தபாலாபீசுக்கு ஓடிக் கடிதத்தைப் போட்டேன். "திங்களோ செவ்வாயோ போகும்" என்றார் தபால்கார ராக்கையா. கம்பெனி நம்பருக்கு டிரங்க் கால் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைக்கவில்லை. "இனிமே ஆபீசப் பூட்டியிருப்பாக, நாளைக்கும் மறுநாளும் லீவு. வீட்டுக்குப் போ ஆத்தா" என்றார் ராக்கையா.

26-3
இன்று விசாரணை. காலையிலேயே தபாலாபீசுக்குப் போய் மறுபடி டிரங்க் கால் போட்டேன். இன்றும் லைன் கிடைக்கவில்லை.

2-4
மேலதிகாரியின் பதில் வந்தது. கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்ததாம். திங்களன்றே ஜெபமணியை நீக்கிவிட்டார்கள். ஆள் விட்டுத் தேடினால், வீட்டைக் காலி செய்து குடும்பத்தோடு போயிருக்கிறார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சுருளிக்கு வேலை அப்படியே. புதுச் சிப்பில் அக்குமுலேஷனில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

காகிதத்தை மடித்துவிட்டு, "என்னைக்குப் போட்ட?" என்றாள்.

"வெள்ளிக்கிழம."

"எந்த வெள்ளி?"



3-4
காலை பஸ்ஸில் போய்விட்டாள். நான் கட்டிவைத்த திராட்சைக் கூடை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் வந்தாள். "பேத்திக்கு வேலையெல்லாம் நல்லாருக்காக்கும்?"

"இருக்கு" என்றேன்.