வேலப்பன் சட்டையில் பெட்ரோல் வாடை

கொடைக்கானல்,
ஆகஸ்டு 19.

அன்பு மகள் பெர்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு நோகாமல் இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள், அந்த முழங்கால் வலியும் இப்போது கொஞ்சம் தேவலை. பத்து நாளாக மழை விடவில்லை, நம் ஹோம்ஸ்டேயில் மூன்று அறையும் காலியாகக் கிடக்கின்றன. போனில் சொல்ல வாய் வராத ஒன்றைச் சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன். டிரைவர் வேலப்பன் வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய், மகளே. ஒன்பது வருஷம் நம்மிடம் இருந்த மனிதரை நான்தான் திருடன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரியிலேயே காரில் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் கேட்டதற்குப் பெட்ரோல் டேங்கோடு சேர்ந்த சாமான் எல்லாம் மாற்ற வேண்டும், பதினாலாயிரம் ஆகும் என்றார்கள், வண்டிதான் ஓடுகிறதே, சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். அதன்பிறகு பங்க் பில் விசித்திரமாக வந்தது. வாரம் ஒருமுறை டேங்கை நிரப்புகிறவர் தினமும் முந்நூறு, நானூறு என்று பில் கொண்டுவந்தார், விடியற்காலையில் காருக்குப் பின்னால் போனால் பெட்ரோல் வாடை. "பங்குல பெட்ரோல் போடுற கன்னு பட்டுப் பட்டுன்னு நின்னுருது சார், டேங்கு வாங்க மாட்டேங்குது, வெரசா ஒருக்கா காட்டிருவோம் சார்" என்று மூன்று தடவை சொன்னார். பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு அதற்குச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஜூலை முதல் வாரம் அவர் மகள் உன்னைப் போலவே நர்சிங்கில் சீட் கிடைத்த சந்தோஷத்தில் இனிப்போடு வந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள், அந்த நேரம் பார்த்து வேலப்பன் பங்கிலிருந்து வந்தார், சட்டையெல்லாம் பெட்ரோல் நெடி. எனக்கு என்ன புத்தி கெட்டதோ, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்து, "பெட்ரோலை எங்கய்யா எறக்கிட்டு வர்ற" என்று கேட்டுவிட்டேன்.  அவர் கார் சாவியை மேஜையில் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். 

அப்புறம் நானே வண்டியை பங்குக்கு எடுத்துப் போனேன். மூன்று லிட்டர்கூட இறங்கவில்லை, கன் நின்றுவிட்டது, மறுபடி அழுத்தியதும் பெட்ரோல் பீய்ச்சி என் பேன்ட்டில் கொட்டியது. பங்கில் வேலை பார்க்கிற லீலா என்ற பெண் ஓடிவந்து, "இந்த வண்டி எப்பவும் இப்படித்தாங்க ஐயா, வேலப்பண்ணே தெனமும் நனைஞ்சுதான் போவாரு" என்றது.  மறுநாளே வத்தலக்குண்டில் ராஜமுருகன் என்ற மெக்கானிக்கிடம் விட்டேன். டேங்குக்குள் பெட்ரோல் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியே போக ஒரு சின்ன வால்வு உண்டாம், வென்ட் வால்வு, அதில் சேறு புகுந்து அடைத்திருக்கிறது. வால்வு இரண்டாயிரத்து எண்ணூறு, கூலி அறுநூறு. ஒரு மணி நேர வேலை.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி அவர் ஊரான பூம்பாறைக்குப் போனேன். வேலப்பன் பூண்டுக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலி போட்டு, டீ கொடுக்கச் சொன்னார். நான் நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், திரும்பி வரச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "வண்டி இப்ப ஏத்தத்துல நல்லா இழுக்குதுங்களா சார்" என்று. அப்புறம், "நீங்க கேட்டதுகூடப் பரவாயில்லீங்க. எம்மக நிக்கையில மோந்து பாத்தீங்க பாருங்க. அன்னையிலருந்து அவ எஞ்சட்டையத் தனியாத் தொவைக்கிறா சார்" என்றார்.  வேலைக்கு வரவில்லை என்று தன்மையாகச் சொன்னார், பஸ் வரும்வரை மழையில் என்னோடு நின்றார்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது மதுரை ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். நீ வேலப்பனுக்குப் போன் செய்தால் எனக்காக ஒன்றும் பேசாதே மகளே. அவர் மகளின் படிப்பைப் பற்றி விசாரி, தெரிந்ததைச் சொல்லிக் கொடு. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் அப்பா,
ஜெபதுரை