வெண்ணெய் என்ற பெயரில் ஒரு வாரம்

நவ. 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். தீபாவளிக்கு ஊருக்குப் போன எங்கள் பனியன் கம்பெனி டெய்லர்கள் பாதிப் பேர் திரும்பவில்லை. சாம்பிள் இன்னும் போகவில்லை. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் மேல் மெயில். பதில் போடவில்லை.

மனசு வேறு எங்கோ. பிரபு விளையாடும் அந்த ஆன்லைன் கேம். எனக்கு ஞாயிறோடு இலவசம் முடிகிறது. அப்புறம் மாதாமாதம் சந்தா. கட்டுவதா, விடுவதா?

பிரபு எனக்கு நிச்சயம் செய்திருக்கும் மங்கலத்துக்காரர். விசைத்தறி வைத்திருக்கிறார்கள். கல்யாணம் தையில். போனில் பேசினால் ‘சாப்பிட்டீங்களா’, ‘அங்க மழைங்களா’. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வராது. சாயங்காலமானால் கேம் ஆடுவேன் என்று ஒருநாள் அவராகச் சொன்னார். அதில் தன் பெயர் என்ன என்றும் சொன்னார். போய் அவர் டீமிலேயே சேர்ந்துவிட்டேன், வேறு பெயரில். மேசையில் ஊத்துக்குளி வெண்ணெய் டப்பா இருந்தது. ‘வெண்ணெய்’ என்றே வைத்தேன். மைக் ரிப்பேர் என்று சொல்லியாயிற்று. அவர்கள் பேசுவார்கள், நான் டைப் அடிப்பேன். ஆண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நவ. 5, செவ்.
லேபிள் அப்ரூவல். அம்மாவுக்கு மாத்திரை. கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க மறந்தாயிற்று.

இன்று கேமில் கோட்டைக் கதவை நான் திறந்தே விட்டுவிட்டேன். எதிரிகள் உள்ளே. மொத்த டீமும் காலி. டீமில் ராஜா என்று ஒரு மதுரைக்காரர். பேருக்கேத்த வெண்ணெய்தான் என்று ஆரம்பித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். விளையாட்டுதான், ஆனாலும் ஸாரி என்று இரண்டு தடவை டைப் அடித்தேன். பிரபு குரலை உயர்த்தவில்லை.

“விடுங்க ராஜா, புதுசு. நானும் மொதல்ல எல்லாரையும் சாகடிச்சவன்தானுங்க.”

தோற்கும்போது எப்படி இருப்பார் என்று பார்க்கத்தான் போனேன். பார்த்தாயிற்று. நிம்மதி வரவில்லை. ஒரு நாள் நல்லவராக இருந்தால் போதுமா? இன்னும் ஒரு மாதம் பார்த்தால்?

நவ. 6, புதன்
ஜோதியிடம் சொல்லிவிட்டேன். ஆபீசில் பக்கத்து சீட், திருநெல்வேலிக்காரி. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள், “மாசாமாசம் துட்டு கட்டி மாப்பிள்ளைய ஒட்டுக்கேக்கப் போறியா? கல்யாணத்துக்குப் பொறவும் கட்டுவியாட்டி?”

டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் நல்லூர் முழுக்கக் கரண்ட் இல்லை. விளையாடவில்லை. அங்கே என்ன பேசுகிறார்களோ என்றே இருந்தது.

நவ. 7, வியாழன்
கேமில் ராஜா பிரபுவிடம், நிச்சயம் பண்ணின பொண்ணு எப்படி என்று கேட்டார்.

“தெரியலீங்க. எது கேட்டாலும் ஆமாங்க, இல்லீங்க, அவ்வளவுதான். ஊட்ல சொன்னாங்கன்னு தலையாட்டிட்டாங்களோன்னு இருக்குது. புடிக்கலீன்னா இப்பவே நிறுத்திப்போடலாம். கேக்கறதுக்குத்தான் பயமா இருக்குது.”

அப்புறம், “வெண்ணெய், நீங்க என்னங்க சொல்றீங்க?”

நிறுத்திப்போடலாம். அந்தச் சொல் காதைவிட்டுப் போகவில்லை. கேட்டுவிடுங்கள் என்று டைப் அடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நவ. 8, வெள்ளி
சாயங்காலம் அவர் போன். எதிரில் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டு. உங்களுக்கு இதில் சம்மதம்தானா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அதே ஆமாங்க. எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. சரிங்க என்று வைத்துவிட்டார்.

உடனே கேமுக்குள் போனேன். கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை என்று ராஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மைக்கைப் போட்டேன்.

“நான் நல்லூர்ல இருந்து பேசறனுங்க. வெண்ணெய் நான்தானுங்க.”

பிரபுவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. போய்விட்டார். ராஜாதான், அன்றைக்குத் திட்டியதை மனசில் வைத்துக்கொள்ளாதே தங்கச்சி என்றார்.

நவ. 9, சனி
போன் இல்லை. மெசேஜ் இல்லை. வாரச் சம்பள நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. சைஸ் சார்ட்டைத் தப்பாக அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர்கள் வீட்டிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்துவிடுமோ என்று பயம். அப்பாவின் செல் அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். சோறு இறங்கவில்லை.

நவ. 10, ஞாயிறு
அவரே வந்தார். தனியாக, பைக்கில். அம்மாவிடம் சொல்லிவிட்டு முக்கு பேக்கரிக்குப் போனோம்.

கோபம் இருந்தது, மறைக்கவில்லை. அன்றைக்கு ராஜாவோடு சேர்ந்து தானும் திட்டியிருந்தால் கல்யாணத்தை நிறுத்தியிருப்பீர்களா என்றார். நிறுத்தியிருப்பேன் என்றேன்.

“நீங்க என்னையப் பாத்துட்டீங்க. நான் உங்கள இன்னும் பாக்கவே இல்லீங்க.”

நியாயம்தான். பேசினேன். போனை எடுத்தாலே வார்த்தை அடைத்துக்கொள்வதை. அக்கா வீட்டுக்காரர் கோபம் வந்தால் சோற்றுத் தட்டை வீசுவதை, அதற்குப் பிறகு அக்கா தரையைத் துடைப்பதை. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. டீ ஆறி ஆடை படிந்தது. கேட்டு முடித்ததும் அவர், நான் வீசமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

கேமுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா என்றார். இல்லை என்றேன்.

“நான் கட்டுவனுங்க. அங்க எனக்குச் சிநேகிதங்க இருக்காங்க. உங்களுக்குச் சரிங்களா?”

“கட்டுங்க. தோத்தா எங்கிட்ட வந்து சொல்லோணும், அவ்வளவுதானுங்க.”

சிரித்தார். இப்போதுதான் முதல்முறை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், கல்யாணத்தைத் தையிலேயே வைத்துவிடலாம் என்றேன். அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

“அதுதான் அப்பவே வெச்சாச்சே, கண்ணு.”