உப்பு ஒத்தடம்

12.8.2009, சிதம்பரம்

கடலூரில் வேலையில் இருக்கும் அவருக்கு இன்னும் போன் செய்யவில்லை. அவருடைய அப்பாவின் காலை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

மாமாவுக்கு இன்று கால் எரிச்சலும் குத்தலும் தாங்கவில்லை. வழக்கம்போல் கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். "இன்னும் சூடா வைம்மா, ஒண்ணுமே தெரியல" என்றார். மறுபடியும் வறுத்தேன். முடிச்சைப் பிடித்திருந்த என் விரலே சுட்டது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு, "இதுவும் பத்தலம்மா" என்றார். மாமனார் சொன்னதை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பாதத்தின் மேலேயே வைத்து அழுத்தினேன்.

துணியை எடுத்தபோது தோலும் கூடவே உரிந்து வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "ஈரமா இருக்கே, தண்ணி கொட்டிடுச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துப்போனேன். சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போயிருக்கிறதாம். ராத்திரியெல்லாம் எரிவதும் அதனால்தானாம். ஆனால் நெருப்பே பட்டாலும் அந்தக் காலுக்குத் தெரியாதாம்.

கட்டுப் போட்ட பிறகு டாக்டர் மாமாவைக் கண்ணை மூடச் சொன்னார். "குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க" என்று இன்னொரு பாதத்தில் ஊசியை வைத்து அழுத்தினார். விரலில் குத்தினார், குதிகாலில் குத்தினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வலித்தது.

மாமா கண்ணைத் திறக்காமல் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு சொன்னார்:

"குத்துங்க சார், சொல்றேன்."