கைதட்டினால் தூக்கிவிட வேண்டும்

12 பிப்ரவரி 1980, செவ்வாய். லீட்ஸ்

நிலவறையில் மறுபடி அந்தச் சத்தம். மாடியில் வாடகைக்கு இருக்கும் லொரெய்னும் அவளுடைய பாலிடெக்னிக் நண்பர்கள் இருவரும் இசைக்குழு தொடங்கியிருக்கிறார்கள். பெயர் 'ஈரச்சுவர்'. பங்க் என்கிற இரைச்சல் இசை செத்துவிட்டதாம், இது அதற்கு அடுத்ததாம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது.

தேநீர் குடிக்க மேலே வந்த கிதார்காரன் நைஜல், நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஜெர்மன் தறி இயந்திரக் கையேட்டைப் பார்த்து, "இதைக் கொஞ்சம் வாசிங்களேன்" என்றான். வாசித்தேன். மூடியைத் திறக்கும் முன் இயந்திரத்தை நிறுத்தவும். விரல்களை உள்ளே விடக் கூடாது.

"ஐயோ, இந்தக் குரல்தான்! ஒரு பொட்டு உணர்ச்சி இல்ல!"

இருபத்துநான்கு வருடமாக என் கணவர் கிளிஃபர்ட் இதைத்தான் குறையாகச் சொல்கிறார்.

9 மார்ச்

நிலவறைக்கு இறங்கிப் போனேன். ஒரே ஒரு முறைதான் என்று சொல்லிக்கொண்டு.

20 ஏப்ரல்

இவர்களுக்கு ஒரு விதி: எந்தப் பாட்டுக்குக் கைதட்டு விழுகிறதோ, அதை அப்புறம் மேடையேற்றக் கூடாது. நேற்று வேகமான பாட்டு ஒன்று போயிற்று. "கைதட்டுறாங்கன்னா பழகிடுச்சுன்னு அர்த்தம்" என்கிறான் நைஜல், பாதிரியார் மாதிரி. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இடையில் நான் மேடையேறிக் கையேட்டை வாசிக்கும்போது சபையில் மௌனம். அதனால் நான் பத்திரம்.

2 ஜூலை

எங்கள் இசைத்தட்டு வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உறைகளை ஒட்டினோம்.

எங்கள் — இந்தச் சொல்லை எப்போதிலிருந்து எழுதுகிறேன்?

28 ஆகஸ்ட்

ஹாலந்தில், குரோனிங்கனில் ஒரு அரங்கம் எங்களை அழைத்திருக்கிறது. அக்டோபரில் பத்து நாள். கிளிஃபர்டிடம் சொன்னேன்.

"நாப்பத்தெட்டு வயசுல? போயேன். நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

அவர் என்றைக்குமே வேண்டாம் என்று சொல்வதில்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் செய்து, அந்தப் பத்து நாளும் இங்கே வந்து தங்கச் சொல்லிவிட்டார். அவளை நான் கூட இருந்து பார்த்துக்கொள்வேனாம். 1961-இல் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தபோதும் அக்காதான் வந்தாள்.

இந்த முறை போய்விடுவேன்.

14 செப்டம்பர்

ஹடர்ஸ்ஃபீல்டில் நிகழ்ச்சி. கையேட்டுக்குக் கைதட்டினார்கள். நிற்கவேயில்லை. திரும்பும்போது வேனில் நைஜல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

16 செப்டம்பர்

"மன்னிச்சுக்கோங்க மிஸ்ஸஸ் ஹெப்வொர்த். விதின்னா விதிதான்" என்றான் நைஜல்.

லொரெய்ன் கத்தினாள்: "அப்போ மிச்சம் என்னடா இருக்கு? சுருதி கூட்டுறதா?"

"அதுக்கும் தட்டிட்டாங்களே, பிராட்ஃபர்ட்ல" என்றான் டிரம்ஸ் அடிக்கும் டெக்லன். அவன் கிண்டல் செய்யவில்லை. குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஈரச்சுவர் அங்கேயே முடிந்தது.

இந்த வயசுல இதுக்கெல்லாம் அழுவாங்களா? பத்து நாள்தானே கேட்டேன் —

17 செப்டம்பர்

கிளிஃபர்ட்: "முடிஞ்சுதா? நல்லதாப் போச்சு. அக்காவுக்கு முன்பக்க ரூமை ஒழிச்சு வை."

ஒழித்து வைத்தேன்.

6 அக்டோபர்

குரோனிங்கன் அரங்கத்துக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். குழு கலைந்த சேதி அவருக்குத் தெரியாது. கிளிஃபர்ட் பக்கத்திலேயே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"நான் மட்டும்தான்" என்றேன்.

"என்ன வாத்தியம்?"

"வாத்தியம் இல்ல. வாசிச்சுக் காட்டுவேன்."

பேனாவால் ஏதோ குறித்துக்கொள்ளும் சத்தம். பிறகு, "சரி, வாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கிளிஃபர்ட் பக்கத்தைப் புரட்டவேயில்லை.

19 அக்டோபர். குரோனிங்கன்

நேற்று கையேட்டை வாசித்தேன். கைதட்டினார்கள். இன்றும் அதையே வாசித்தேன். கண்டிக்க யாருமில்லை.

24 அக்டோபர், வெள்ளி

ஊர் திரும்ப எனக்குச் சீட்டு எடுத்திருந்த கப்பல் நேற்று மாலையே போயிற்று. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சந்தையில் கம்பளிக் காலுறை வாங்கினேன், நான்கு ஜோடி.