வால்வு மூடி போடுகிறவன்

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கப் போயிருந்தேன். பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துக் கடை. உனக்குத் தெரிந்த கடைதான், ஆள் மட்டும் மாறிவிட்டார். டியூப் ஒட்டுகிற பசையின் நெடி தெருமுனையிலேயே மூக்கில் ஏறியது. இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து முடித்த கடைக்காரர் ஒரு தகர டப்பாவைத் திறந்து நீட்டினார். சிவப்பும் நீலமும் கறுப்புமாக, வால்வு மூடிகள்.

"அடப்பு இடணோ சேட்டா? இட்டாலும் இல்லெங்கிலும் காத்து நிக்கும்" என்றார்.

மூடி போடட்டுமா என்ற சாதாரணக் கேள்வி. ஆம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியிருக்கலாம். நான் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் ஒரு மூடியை எடுத்து உருட்டிப் பார்த்து, "இது எதுக்குப்பா?" என்று கேட்டாள். "அழுக்கு போகாம இருக்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. அவள் சிவப்பில் இரண்டு எடுத்துத் தானே திருகிக்கொண்டாள். அதற்குள் நான் வெளியே வந்து நின்றுவிட்டேன்.

நீ போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. இந்த மடலை நீ இருந்திருந்தாலும் எழுத்துக் கூட்டித்தான் படித்திருப்பாய். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவன் நீ. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். என் மகளும் இப்போது உன்னைப் போலத்தான், தமிழில் பேசுவாள், படிக்கச் சொன்னால் விழிப்பாள். ஆக, இதைப் படிக்க ஒருவரும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் சாக்கடை அள்ளினோம். மழைக்கு முன்னால் தொடங்கினால் மழை விட்ட பிறகும் முடியாத வேலை. இன்று மட்டாஞ்சேரி, நாளை தோப்பும்படி, அடுத்த வாரம் பாலங்களைத் தாண்டி தேவரா. மண்வெட்டியைக் கம்பியில் கட்டிக்கொண்டு எல்லோரும் சைக்கிளில்தான் போவோம். பன்னிரண்டு பேரில் வால்வுக்கு மூடி போட்ட சைக்கிள் உன்னுடையது ஒன்றுதான்.

முதலில் அதை நான் பகட்டு என்றே நினைத்தேன். கால் சட்டைக்குப் பொத்தான் இல்லாதவன் டயருக்குத் தொப்பி போடுகிறானே என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்தப் பேச்சு எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. உன்னைத் தொப்பிக்காரன் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நீயும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாய்.

"காத்தப் பிடிக்கிறது உள்ள இருக்கிற சின்ன ரப்பர்டா. மூடி காத்தப் பிடிக்காது. அழுக்கு கேறாம பாக்கும். அவ்வளவுதான், அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல" என்பாய். அதிகம் உரிமை கொண்டாடாத பேச்சு. மூடி இருந்தால் பஞ்சரே வராது என்று நீ சொல்லியிருந்தால் உன்னை மடக்கியிருக்கலாம். நீ சொன்னதோ மிகச் சின்ன விஷயம். அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு மாதம் பந்தயம் கட்டிப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? ஒரே நாளில் காற்றடித்துக்கொண்டு, உன் மூடியோடு நீயும் மூடி இல்லாமல் நானும் ஓட்டினோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாய். மாதக் கடைசியில் இரண்டு டயரும் ஒரே மாதிரி இருந்தன. நான் கெக்கலித்தேன். "நீ ஜெயிச்சாச்சு, செரி. ஆனா இது வெயில் காலம்" என்றாய்.

எதைக் கண்டாலும் வாங்கிவிடுகிறவனும் இல்லை நீ. எர்ணாகுளத்தில் யாரோ விற்றார்கள் என்று சக்கரம் சுற்றினால் மினுக்குகிற மூடி இரண்டு வாங்கி வந்தாய். இரண்டாம் நாள் மழையில் அது அணைந்தது. "இது வெறும் ஷோ. வாங்கினது என் முட்டாள்தனம்" என்று கழற்றிப் போட்டாய். சக்கர விளிம்புக்கு மேலே வால்வைப் பிடித்து நிற்கிற நட்டை நான் ஒருமுறை குறடு வைத்து முறுக்கியபோது கையைப் பிடித்து நிறுத்தினாய். விரலால் முறுக்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் டியூப் வேரோடு பிய்யும் என்றாய். எது உதவும், எது உதவாது, எது எவ்வளவுதான் உதவும் என்று உனக்கு ஒரு கணக்கு இருந்தது. எனக்கு அப்படி ஒரு கணக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஜூன் பிறந்து மழை பிடித்தது. தேவராவில் இடுப்பளவு சாக்கடையில் இறங்கி வேலை பார்த்துவிட்டு மதியம் கரையேறியபோது என் பின்சக்கரம் தரையோடு கிடந்தது. அவசரத்தில் அப்படியே பம்பைச் செருகி அடித்தேன். வால்வு வாயில் அப்பியிருந்த சேறும் மணலும் உள்ளே போய், அந்தச் சின்ன ரப்பர் கிழிந்தது. அடித்த காற்றெல்லாம் கைமேலேயே வந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். உன் சைக்கிளில் காற்று கல் மாதிரி இருந்தது.

"நீ ஏறிப் போடா, நான் உருட்டிட்டு வந்துர்றேன்" என்றேன்.

நீ ஏறவில்லை. தேவராவிலிருந்து மட்டாஞ்சேரி வரைக்கும், இரண்டு பாலத்தையும் தாண்டி, அடிக்கிற மழையில் உன் நல்ல சைக்கிளை என் கெட்ட சைக்கிளுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு நடந்தாய். வழி முழுக்க மூடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் பெண்ணுக்கு முதல் பல் விழுந்த கதையைச் சொன்னாய். தோப்பும்படியில் சாயா குடித்தோம். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் சைக்கிளைப் பார்த்தேன். இரண்டு வால்விலும் கறுப்பு மூடி இருந்தது.

அதற்கு அடுத்த மாதம்தான் நீ அந்த மனுவை எழுதினாய்.

பன்னிரண்டு பேருக்கும் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தாய். கோடு போட்ட தாளில், மலையாளத்தில், குண்டு குண்டாக எழுதியிருந்தாய். சாயாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு வாசித்துத் தமிழில் அர்த்தம் சொன்னாய். உன் குதிகால் இரண்டும் வெடித்து, வெடிப்புக்குள் சேறு கறுப்புக் கோடாக இருந்தது. என்னுடையதும் அப்படித்தான். பார்த்துப் பார்த்து அது கால் என்றே நமக்குப் பழகிவிட்டது.

"மொதல்ல நீ ஒரு ஒப்பு போடு. நீ போட்டா மத்தவங்களும் போடுவாங்க" என்று பேனாவை நீட்டினாய்.

எனக்கு ஒரு சங்கதி இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. முந்தின வாரம் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மழை முடிந்ததும் உன்னைக் கங்காணி ஆக்கலாம் என்று யோசிக்கிறோம், வம்புக்குப் போகாமல் இரு" என்றிருந்தார். கங்காணி ஆனால் சாக்கடையில் இறங்க வேண்டாம். மேலே நின்று குடை பிடித்துக்கொள்ளலாம்.

"பூட்ஸ் போட்டா மட்டும் என்ன ஆகப் போவுது? சேறு மேல வழியா உள்ள போயிரும். சும்மா இருடா" என்றேன்.

"கொஞ்சம் போகும். அவ்வளவும் போகாதுல்ல" என்றாய்.

நான் பேனாவை வாங்கவில்லை. அப்போது நம் ஆட்கள் நாலைந்து பேர் கடைக்குள் நின்றிருந்தார்கள். நான் வாங்காததைப் பார்த்தார்கள். அதன் பிறகு நீ யாரிடம் போனாலும், அவனே போடலையே என்றுதான் பதில் வந்தது. கடைசியில் அந்தத் தாளில் ஒரே ஒரு ஒப்புதான் இருந்தது, உன் கையெழுத்து. அதை நீ கொண்டுபோய்க் கொடுத்தபோது சூப்பர்வைசர் எங்கள் கேலியையே எடுத்து உன்மேல் வீசினார்: "டயருக்குத் தொப்பி போட்டாச்சு, இனி காலுக்கும் வேணுமோ?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து பிறந்தது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் திருப்பித் தந்த தாளை நீ மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கினாய். மதியம் எப்போதும் போல என் தூக்கில் ஊறுகாய் வைத்தாய்.

ஆகஸ்டில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி என்றாய். அள்ளுகிற வேலைக்குக் கால் வலிக்காமல் இருக்குமா என்றேன் நான். மருந்துக்கடை மாத்திரையில் இரண்டு நாள் ஓட்டினாய். மூன்றாம் நாள் காலையில் உன் மனைவி செல்வி என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, அவருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு, மூத்திரமே போகல. வந்து பாருங்க" என்றாள். வந்து பார்த்தேன். கண் மஞ்சளாகவும் இருந்தது, ரத்தமாகவும் இருந்தது. ஆட்டோ பிடித்து எர்ணாகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் தோளில் சாய்ந்துகொண்டு, சைக்கிளை மழையில் விட்டுவிட்டேன், உள்ளே எடுத்து வை என்றாய். என்னிடம் நீ கடைசியாகக் கேட்டது அது.

எலிக்காய்ச்சல் என்றார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து காலில் உள்ள வெடிப்பு வழியாக ஏறுவது. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. இளவயது டாக்டரம்மா ஒருத்தி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வேலைக்குப் போகும்போது பூட்ஸ் போடறதில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"ஏன்?"

"தரல" என்றேன்.

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஐந்தாம் நாள் பகல் பதினோரு மணிக்கு நீ போனாய். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நீ போன பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். மறு வருடம் ஒரு மூட்டை கையுறை வந்தது, ஒரே வாரத்தில் விரல் கிழிந்தது. பூட்ஸும் வந்தது. எல்லாம் ஒரே அளவு, பாதிப் பேருக்கு நுழையவில்லை. மூன்றாம் வருடம் அதுவும் வரவில்லை. இன்னொருவன் அதே காய்ச்சலில் படுத்தான், பிழைத்தான், ஆனால் அதன் பிறகு வேலைக்கு ஆகவில்லை. கங்காணி வேலை சூப்பர்வைசரின் மச்சானுக்குப் போனது. எனக்கு அதில் கோபம்கூட வரவில்லை. இப்போது காக்கநாட்டில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறேன். காலுக்கு ஷூ தந்திருக்கிறார்கள். வேலை நேரம் முழுவதும் உலர்ந்த தரையில் நிற்கிறேன்.

பூட்ஸ் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தெரியவில்லை. நான் ஒப்பு போட்டிருந்தால் பூட்ஸ் தந்திருப்பார்களா, அதுவும் தெரியவில்லை. அநேகமாகத் தந்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டு பேரையும் நிறுத்திவிட்டு வேறு பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்திருப்பார்கள். இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் தாங்கும், பிறகு தாங்காது.

செல்வி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். சுக்கு, மிளகு குடோனில் புடைக்கிற வேலை. உன் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள், மாப்பிள்ளை ஏலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அதைச் சொல்லத்தான் போன மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். போனபோது மாப்பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருந்தார். செல்வி சாயா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் சொன்னாள்:

"அன்னிக்கு பூட்ஸ் கேட்டு எழுதின பேப்பர்ல பன்னெண்டு பேர்ல ரெண்டே பேருதான் ஒப்பு போட்டாங்க. ஒண்ணு இவ அப்பா. இன்னொண்ணு இந்த அண்ணன். அவரு சாகறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னாரு, அவன் ஒருத்தன்தான் என்கூட நின்னான்னு."

நீ அப்படிச் சொன்னது அதுவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலா சொன்னாய், அதற்கு முன்பே வீட்டிலா? எதற்காகச் சொன்னாய்? நீ தனியாகத்தான் நின்றாய் என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்றா, இல்லை நாளைக்கு நான் அவள் வீட்டு வாசலுக்கு வரக் கூச்சப்படக் கூடாது என்றா? எதுவாக இருந்தாலும் கேட்க நீ இல்லை.

மாப்பிள்ளை எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இல்லை, நான் போடவில்லை என்று சொல்ல அந்த நேரம் ஒன்றுதான் இருந்தது. செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பெண் கதவோரம் நின்று சிரித்தாள், உன்னைப் போலவே.

"சாயா ஆறுது அண்ணா, குடிங்க" என்றாள் செல்வி.

குடித்தேன்.