சாம்பல் நிற வரிகள்

செவ்வாய், மூன்றாம் நிலையம். பதிவர்: இசக்கிராஜா, பொறியாளர். தனியாள்.

நாள் 212, 09:10
ஆக்சிஜன் டேங்க் அழுத்தம் 140 பார். தூசி சென்சார் வழக்கம்போல உளறல். உளறிய எண்ணை அட்டவணையில் அழிக்க முடியாது. 'செல்லாது' என்று குறிக்கலாம், வரி சாம்பல் நிறமாகிவிடும். அதற்கு இரண்டு ஒப்புதல் வேண்டும்: இங்கே ஒன்று, பூமியில் ஒன்று. செய்தி போய்த் திரும்ப நாற்பது நிமிடம். யார் காத்திருப்பது? என் ஒப்புதல் குறியீட்டை முதல் நாளே செல்வினிடம் கொடுத்துவிட்டேன். பூமியின் கட்டுப்பாட்டு அறையில் என் நிலையத்தைக் கவனிக்கும் மேசை அவனுடையதுதான். கல்லூரியில் நாலு வருடம் ஒரே அறை.

நாள் 214, 15:40
டேங்க் 118. 114. 109. வால்வு கசிகிறது. மூன்று குறைந்த எண்கள் தொடர்ந்து பதிவானால் பிரதான முகாமிலிருந்து மீட்பு வண்டி தானாகவே கிளம்பும். நாலு நாள் பயணம். போதும்.

நாள் 215, 08:05
வண்டி கிளம்பவில்லை. மூன்று வரியும் சாம்பல். காரணம்: சென்சார் பிழை. ஒப்புதல்: செல்வின், இசக்கிராஜா.

அனுப்பியது: "ஏல, டேங்க் ரீடிங்க எதுக்குல அடிச்ச? தூசி சென்சார்னு நெனச்சியா, லூசு."

08:50
வந்தது: "மக்கா, டென்ஷன் ஆகாத. அந்த வால்வுக்கு ஓகே போட்டவன் நான்தான். சோதிக்காமலே போட்டேன். வெளிய தெரிஞ்சா என் கத முடிஞ்சுது. நீ எப்படியும் சரி பண்ணிருவ. ரெண்டு நாள் குடு."

நாள் 216, 13:30
வால்வை இறுக்கினேன். மரை கழன்று கையோடு வந்தது. டேங்க்மேல் ஏறி, அழுத்தம் காட்டும் கேஜைக் கண்ணால் பார்த்து அட்டவணையில் எழுதினேன்: 84. நாற்பது நிமிடத்தில் சாம்பல். காரணம்: மனிதப் பிழை. குறியீட்டை மாற்றவும் இரண்டு ஒப்புதல் வேண்டுமாம். இயக்குநருக்கோ பிரதான முகாமுக்கோ எழுதினாலும் அவன் மேசை வழியாகத்தான் போக வேண்டும்.

நாள் 219, 10:15
இன்னும் மூன்று நாளுக்குத்தான் காற்று. வண்டிக்கு நாலு நாள். கணக்கு எளிது.

வந்தது: "நாளைக்குச் சொல்லிருதேன் இசக்கி. சத்தியமா."

நேற்றும் இதேதான் சொன்னான். கல்லூரியில் பரீட்சை நேரத்தில் காய்ச்சலில் கிடந்த இவனுக்காக இரண்டு நாள் கஞ்சி வைத்தவன் நான்.

நாள் 221, 16:00
ஆள் பட்டியலைத் திறந்தேன். என் வரி சாம்பல். காரணம்: நிலையத்தில் ஆள் இல்லை. ஆளில்லாத இடத்துக்கு வண்டி வராது.
ஒப்புதல்: செல்வின், இசக்கிராஜா.

நாள் 222, 11:20
இதை டேங்கின் மேலேயே மார்க்கரால் எழுதுகிறேன். கேஜ் 2. கண்டெடுப்பவரே, அட்டவணையை நம்ப வேண்டாம், கேஜைப் பாருங்கள். தலை கனக்கிறது. எழுத்து கோணல்

இந்த வரியை அங்கிருந்து அடிக்க முடியாது. அடிக்க வேண்டுமென்றால் நேரில் வரணும்.

வாடே செல்வின்