நீ வாங்கிய கம்பியைக் கழற்றிவிட்டோம், அரசி

என் அரசிக்கு,

உன் கார் மறுபடியும் ஓடுகிறது. ஆனால் நீ அவ்வளவு ஆசையாகத் தேடி வாங்கிய அந்தத் தடித்த ஸ்வே பார் கம்பி அதில் இல்லை. போன மாதம் கழற்றிவிட்டோம். வேறு யார் வாயாலும் உனக்கு இது தெரிய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். யார் வந்து உன்னிடம் சொல்லப் போகிறார்கள் என்று நீ கேட்கலாம். தெரியவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்பு இன்ஜினியர், உன் கணவன் நான் கே.கே. நகரில் மருந்துக்கடை நடத்துபவன். கோயம்புத்தூரில் ஒருவர் வைத்திருந்து சலித்துப்போன, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தாய். நம் தெருவில் நிறுத்த இடமில்லை என்று சமயநல்லூரில் உன் அப்பா வீட்டுத் தகரக் கொட்டகையில் நிறுத்தினாய். லீவு கிடைத்தால் கோயம்புத்தூர் பந்தயப் பாதைக்கு எடுத்துப்போய், வளைவுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவாய். பக்கத்து இருக்கையில் மாமா, உன் அப்பாதான் இருப்பார். எனக்குத்தான் தலை சுற்றுமே.

துணிக்கடைக்குப் போனால் நுழைந்த வேகத்தில் சேலையோடு வெளியே வருகிறவள், ஒரு கம்பியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாய். எத்தனை தடிமன், உள்ளே குழலா கெட்டியா, நுனியில் எத்தனை துளை. அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"வளைவுல வண்டி ஒரு பக்கமாச் சாயுதுல்லங்க. அப்ப ரெண்டு பக்கத்துச் சக்கரத்தையும் சேத்துப் பிடிச்சுச் சாய விடாமப் பண்ற கம்பி இது. முன்னாடி தடியாப் போட்டா வண்டி நேராப் போகத்தான் பாக்கும். பின்னாடி தடியாப் போட்டா வால் ஆடும். எனக்கு வால் ஆடணும்."

"எதுக்கு?"

"அப்பத்தான் நான் சொன்ன எடத்துல திரும்பும்."

எச்சில் கையோடு நீ ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டியது எனக்கு இன்னும் தெரிகிறது.

ஒரு மதியம் அலுவலகத்தில், மேசை மேல் தலை சாய்த்தாய் என்றார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. நீ ஒரு நாளும் தலைவலி என்று சொன்னதில்லையே. நான் மருந்துக்கடைக்காரன், என்னிடம் ஒரு மாத்திரைகூட நீ கேட்டதில்லையே. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் "கார் ஓட்டுறப்பவா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி போனாய் என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. என்னாலும்தான்.

சில வாரம் கழித்து உன் பெயருக்கு நீளமான பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கடையில் மருந்து அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். ஒருநாள் டவுன் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்த மாமா கண்ணில் அது பட்டுவிட்டது.

"இது என்ன மாப்ள?"

"அவ கேட்டுருந்தா மாமா. பின்னாடி போடுற கம்பி."

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப மாட்டிருவோம்."

உனக்கே தெரியும், நானும் அவரும் நேராகப் பேசிக்கொண்டவர்கள் இல்லை. "அவரச் சாப்பிட வரச் சொல்லு", "மாமாவுக்கு மருந்து குடுத்தியா", எல்லாமே உன் வழியாகத்தான். அத்தையும் இல்லை, நீயும் இல்லை. அந்தப் பெரிய வீட்டில் அவர் தனியாக இருக்கிறார் என்று தெரிந்தும், அங்கே போய் என்ன பேசுவது என்று தெரியாமலே நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கம்பிதான் எங்களைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனது.

சிம்மக்கல் பட்டறையிலிருந்து உன் மெக்கானிக் ஜாபர் வந்தார். பேட்டரி செத்துக் கிடந்தது, அதை மாற்றினார். பிறகு கம்பியைக் கையில் எடுத்துத் தடிமனை விரலால் அளந்து பார்த்தார்.

"தப்பா நெனக்காதீங்கண்ணே. இந்த வண்டிய இனிமே யாரு ஓட்டப் போறா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா காரைப் பார்த்தார்.

"அக்கா ஓட்டுனா இது சரியான கம்பி. மத்தவங்களுக்கு இது கொஞ்சம்..."

"அவ என்ன நெனச்சாளோ அப்பிடியே இருக்கட்டும் தம்பி," என்றார் மாமா. "மாட்டுங்க."

ஜாபர் நுனித் துளைகளில் கம்பியின் பிடிப்பு குறைவாக இருக்கும் துளையைப் பார்த்து மாட்டினார். பார்த்துப் போங்கண்ணே என்று மட்டும் சொன்னார்.

சமயநல்லூருக்குப் பின்னால் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற இடம் இருக்கிறதே, உள்ளே தார் ரோடெல்லாம் அழகாகப் போட்டு வைத்திருப்பார்களே, அங்கேதான் போனோம், ஓட்டியது நான். மாமாவுக்கு சீட் பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். முதல் இரண்டு வளைவில் கார் சாயவே இல்லை, அரசி. எனக்குத் தலை சுற்றவும் இல்லை. இதற்காகத்தானா இவள் இம்புட்டு நாள் தேடினாள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. உன் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது என்று சொன்னால் சிரிப்பாயா?

அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் வேகம் கூட்டினேன். அடுத்த வளைவு நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். பின்பக்கம் தனியாகக் கழன்றது போல வெளியே வீசியது. ஸ்டியரிங் என் கையில் இருந்தும் இல்லாமல் இருந்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. புழுதி அடங்கியபோது மாமா பக்கத்துக் கதவை ஒட்டி ஒரு பிளாட் கல் நட்டமாக நிற்பது தெரிந்தது. ஒரு முழம்தான் இடைவெளி இருக்கும்.

மாமாவின் கை என் நெஞ்சுக்குக் குறுக்கே இருந்தது. எப்போது நீட்டினார் என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளையைப் பிடிப்பது போல என்னைச் சீட்டோடு அழுத்திப் பிடித்திருந்தார். கார் நின்ற பிறகும் எடுக்கவில்லை.

"அடி கிடி பட்டுச்சா மாப்ள?"

"இல்ல மாமா."

இறங்கிப் போய் அந்தக் கல் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒருத்தி போயிட்டா," என்றார். "இன்னொரு ஆளையும் நானே கூட்டிட்டு வந்து..." கைப் புழுதியைத் தட்டிவிட்டு, "இது அவ அளவுக்குத் தச்ச சட்ட மாப்ள. உங்களுக்கு வேணாம். கழட்டிருவோம்," என்றார்.

அந்த வாரமே ஜாபர் பட்டறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். முன்னும் பின்னும் தடியாகப் போட்டுவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். சாயாது, ஆனால் இடப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலப்பக்கமும் சேர்ந்து ஆட்டம் வாங்கும் என்றார் ஜாபர். "நம்ம ஊரு ரோட்டுக்கு இடுப்பு போயிரும்ணே." எல்லாவற்றையும் கம்பெனி கம்பியாகவே விட்டுவிடுவோமா என்றால் மாமா முகம் சுருங்கியது. அவள் நினைத்ததில் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா என்று கேட்டார்.

கடைசியில் பின்னால் பழைய மெல்லிய கம்பி, முன்னால் மட்டும் கொஞ்சம் தடித்தது என்று ஜாபர் சொன்னார். "பயந்து கால எடுத்தாலும் வால் வீசாது. வண்டி கொஞ்சம் அகலமாப் போகும். வேகம் கொறஞ்சதும் தன்னால உள்ள வந்துரும்."

"அதான் எனக்கு வேணும்," என்றேன். நீ போன பிறகு எனக்கு வேண்டும் என்று நான் சொன்ன முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"அவ கேட்டா திட்டுவா," என்றார் மாமா.

"திட்டட்டும் மாமா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். திட்ட மாட்டாய்தானே?

உன் கம்பியை வீணாக்கவில்லை. கோயம்புத்தூரில் உன்னோடு போட்டி போட்டு ஓட்டுமே ஒரு பெண், இதே மாதிரி கார் வைத்திருப்பவள், அவளுக்கு அனுப்பிவிட்டோம். துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிக் கட்டியது மாமா. மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு அவள் அவருக்குத்தான் ஃபோன் செய்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் சமயநல்லூர் போய்விடுகிறேன். மாமாவை ஏற்றிக்கொண்டு நாலு வழிச் சாலையில் வாடிப்பட்டி வரை போவோம். டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். வேகமெல்லாம் இல்லை, பயப்படாதே.

போன ஞாயிறு டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி மாமா பேசினார்.

"மாப்ள, உங்களுக்கு வயசு இருக்கு. இப்பிடியே இருந்துற முடியாது. நல்ல எடமாப் பாத்துக் கட்டிக்கங்க. நானே முன்ன நிப்பேன்."

நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆனா அதுக்கப்பறம் இந்தப் பக்கம் வராம இருந்துறாதீங்க. எனக்கு வேற யாரு இருக்கா?"

"டீ ஆறுது மாமா," என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் தலையாட்டிவிட்டுக் குடித்தார்.

கல்யாணத்தைப் பற்றி என்னிடம் இன்று பதில் இல்லை, அரசி. நாளைக்கு இருக்குமா என்பதும் தெரியாது. அவர் கேட்ட மற்றதற்குப் பதில் இருக்கிறது. அங்கே வாய் வராததை உன்னிடம் சொல்கிறேன். என் வீட்டுக்கு யார் வந்தாலும், வராவிட்டாலும், அவர் வீட்டுக்கு நான் போவேன். இந்தக் கார் ஓடாமல் போனால் பஸ் ஏறிப் போவேன். அவர் படுத்தால் பக்கத்தில் இருப்பேன். ஒரு நாள் அவருக்குச் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தை, நீ இருந்தால் எப்படிச் செய்யச் சொல்வாயோ, அப்படியே நான் செய்வேன்.

வரும் ஞாயிறு இதை அவரிடமும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

என்றைக்கும் உன் அப்பாவுக்கு மாப்பிள்ளை,
சரவணன்